தூரக் கண்ணாடி கேள்வி பதில்: பெரிய மிருகத்துக்கு பெரிய நம்பர் ஸ்கோப் வேணுமா?

போன இதழ்ல நான் தென்னாப்பிரிக்கால வேல பாத்த காலத்தப் பத்தி ரெண்டு வரி எழுதுனேன், அங்க லிம்போப்போ பக்கம் வேட்டைக்கு போனதையும் சேத்து எழுதிட்டேன், அதுக்கு வந்த கேள்விதான் இந்த மாசம் பூரா. நம்ம ஊர்ல யாருக்கு இதெல்லாம்னு நெனச்சேன், ஆனா செட்டிநாட்டு ஆளுக இல்லாத நாடு ஏது, பிள்ளைக எங்கெங்கயோ இருக்காக. ஸ்கோப்னா துப்பாக்கி மேல மாட்டி குறி பாக்குற தூரக் கண்ணாடி. சரி கேள்விக்கு வருவோம்.

கேள்வி: அண்ணே வணக்கம். சொந்த ஊரு தேவகோட்டை, இப்ப டென்வர்ல எச்1பில இருக்கேன். ஆபீஸ் ஆளுக வர்ற சீசன்ல எல்க்ங்கற பெரிய மான் வேட்டைக்கு கூப்புடுறாங்க. கடையில 6-24×50 ஸ்கோப்ப காட்டி "பெரிய மிருகம், பெரிய மலை, இதான் சரி"ங்கறாங்க, கூட வேல பாக்குற ஒருத்தர் 3-9×40 போதும்ங்கறார். எத வாங்குறது?

தம்பி, ஸ்கோப்ப அப்பறம் பாப்போம், மொதல்ல உங்க விசா. எச்1பி மாதிரி விசாவுல இருக்கவங்க துப்பாக்கியோ தோட்டாவோ கைல வச்சிருக்கறதே அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி தப்பு, செல்லுபடியாகுற ஹண்டிங் லைசென்ஸ் அங்கயே எடுத்து வச்சிருந்தா மட்டும் அதுக்கு விலக்கு உண்டு. நண்பர் துப்பாக்கிய சும்மா ரேஞ்சுல வாங்கி சுட்டுப் பாக்குறதும் இதுல சேரும், அதனால லைசென்ஸ் கைக்கு வர்ற வரைக்கும் தொடாதீங்க. உங்க டென்வர் இருக்குற கொலராடோல 1949 ஜனவரி 1லயோ அதுக்கப்பறமோ பொறந்தவங்க எல்லாரும் ஹண்டர் எஜுகேஷன் கோர்ஸ் முடிச்சிருக்கணும், அத முடிங்க, அதுக்கப்பறம் லைசென்ஸ், அதுக்கப்பறம் கடை.

இப்ப ஸ்கோப். 3-9×40ன்னா 3 மடங்குல இருந்து 9 மடங்கு வரைக்கும் பெருசாக்கி காட்டும், முன்னாடி இருக்குற லென்ஸ் 40 மி.மீ. அகலம், அவ்வளவுதான் விசயம். 300 கஜத்துல நிக்கிற மிருகத்த 6 எக்ஸ்ல, அதாவது 6 மடங்குல பாத்தீங்கன்னா 50 கஜத்துல நிக்கிற மாதிரி தெரியும். எல்க் என்ன முயலா, நம்ம கடமான் ஜாதிக்கே பெரியண்ணன், தோள்பட்ட உயரமே 5 அடி வரும், கெடா எல்க் 300 கிலோவுக்கு மேல நிக்கும், 50 கஜத்துல அத பாக்க உங்களுக்கு இன்னும் எத்தன மடங்கு வேணும் சொல்லுங்க. கடைக்காரர் சொன்ன கணக்கு தலைகீழ் கணக்கு, மிருகம் பெருசானா நம்பர் கொறயணும்.

பெரிய நம்பர்ல உள்ள பெரிய கஷ்டம் பார்வை அகலம். நம்ம ஊரு வீட்ட நெனச்சுக்கங்க, முகப்பு வாசல்ல நின்னு பாத்தா நிலைக்கு நிலை நேரா பட்டாலை, வளவு, ரெண்டாங்கட்டு எல்லாம் தாண்டி பின் தெரு வரைக்கும் கண்ணு போகும், ஆனா வளவுல தூணுக்கு அந்தப் பக்கம் ஆச்சி உக்காந்து முறுக்கு சுத்திக்கிட்டு இருந்தா தெரியாது. அதான் ஹை மேக்னிஃபிகேஷன். 3 எக்ஸ்ல 100 கஜம் தள்ளி ஏறக்குறைய 33 அடி அகலம் கண்ணுக்குள்ள வரும், 9 எக்ஸ்ல அது 11 அடி ஆயிரும், 24 எக்ஸ்ல நாலு அஞ்சு அடி. எல்க்கோட உடம்பு நீளமே அதவிட ஜாஸ்தி, மரத்துக்கு நடுவுல பொசுக்குன்னு ஒண்ணு வந்து நின்னா நீங்க ஸ்கோப்புக்குள்ள அத தேடிக்கிட்டே இருப்பீங்க, அது போயிரும்.

போனா பரவால்ல. போகாம நின்னா என்ன ஆகும்னு நான் பாத்திருக்கேன், அதுக்காகத்தான் இவ்வளவு நீட்டி எழுதுறேன். லிம்போப்போல ஒரு ஜூன் மாசம், அங்க அது குளிர்காலம், எங்கிட்ட அப்ப 4-16×50 ஸ்கோப், காலைல தூரத்துல ஒரு மேட்ட பாக்குறதுக்காக 14ல திருப்பி வச்சவன் அப்பிடியே மறந்துட்டேன். மத்தியானம் முள்ளுக்காட்டுக்குள்ள நடந்துக்கிட்டு இருக்கப்ப 40 மீட்டர்ல ஒரு கூடு கெடா வெளிய வந்து நின்னுச்சு, கூடுன்னா ஆப்பிரிக்கால உள்ள ஒரு மான் வகை, சுருள் கொம்பு, சாம்பல் உடம்புல மெல்லிசா வெள்ளக் கோடு இருக்கும், பாத்தா கும்புடத் தோணும். துப்பாக்கிய தூக்குனா ஸ்கோப் பூரா சாம்பல் ரோமமும் ரெண்டு வெள்ளக் கோடும்தான், அது தோளா வயிறா தொடையான்னு வெளங்கல, கையெறக்கியிருக்கணும், எறக்காம சுட்டுட்டேன். வயித்துல பட்டுருச்சு. ட்ராக்கர், அதாவது தடம் பாக்குற ஆளு, ரத்தத்த பாத்து பாத்து முன்னால போக நாலு மணி நேரம் பின்னாடியே நடந்தோம், சாயங்காலம் ஒரு புதர்ல படுத்திருந்தத கண்டுபிடிச்சு ரெண்டாவது குண்டுல முடிச்சாங்க. அந்த நாலு மணி நேரமும் அந்த உசுரு பட்ட பாடு என்னாலதான், இன்னிக்கும் மனசுல அப்பிடியே கெடக்கு. அடுத்த வாரமே அந்த ஸ்கோப்ப கொடுத்துட்டு 1.5-6×42 மாட்டுனேன், காட்டுக்குள்ள நடக்குறப்ப எப்பவும் அடி நம்பர்லதான் வச்சிருப்பேன், தூரத்துல நின்னா திருப்பிக்க நேரம் கெடைக்கும், பக்கத்துல வந்தா கெடைக்காது.

அடுத்தது வெளிச்சம். கொலராடோல சூரியன் உதிக்கறதுக்கு அர மணி நேரம் முன்னால இருந்து அடஞ்சு அர மணி நேரம் வரைக்கும் சுடலாம், எல்க் மேய வெளிய வர்றதும் அந்த மங்கல் நேரத்துலதான். முன் லென்ஸ் அகலத்த மேக்னிஃபிகேஷனால வகுத்தா வர்ற நம்பர்தான் உங்க கண்ணுக்கு வர்ற ஒளிவட்டத்தோட அளவு. 40ஐ 6ஆல வகுத்தா 6.7 மி.மீ., வாலிப வயசுல இருட்டுல கண்ணு பாப்பா 7 மி.மீ. வரைக்கும் விரியும், ரெண்டும் பொருந்திப் போகுது பாருங்க. 50ஐ 24ஆல வகுத்தா 2 மி.மீ.தான், கண்ணு தொறந்து காத்திருக்கு, வெளிச்சம் ஊசி மொனையளவு வருது, படம் இருட்டிப் போயிரும். கண்ண கொஞ்சம் அங்கிட்டு இங்கிட்டு நகத்துனாலும் ஓரமெல்லாம் கறுத்துரும்.

ஆட்டமும் சேந்து பெருசாகும். 24 எக்ஸ்ல உங்க நெஞ்சு துடிக்கிறது கூட குறியில தெரியும், 9,000 அடி ஒசரத்துல மூச்சு வாங்கிக்கிட்டு வேற இருப்பீங்க, குறி ஆடுறத பாத்து பயந்து அது நடுவுக்கு வர்ற நொடில ட்ரிக்கர வெடுக்குன்னு இழுப்பீங்க, குண்டு எங்கயோ போகும். கானலும் அப்பிடித்தான், சித்திர வெயில்ல காரைக்குடி ரோட்டுல தண்ணி மாதிரி அலையடிக்குமே, அதயும் சேத்துத்தான் ஸ்கோப் பெருசாக்கும். எடையும் பாருங்க, 6-24×50 முக்கா கிலோ பக்கம் வரும், 3-9×40 அதுல பாதிதான், மல ஏறுறது உங்க தோளு.

அதனால 3-9×40, இல்லாட்டி 2-10×42 மாதிரி ஒண்ணு. மிச்சப்படுற காசுல நல்ல 8×42 இல்ல 10×42 பைனாகுலர் வாங்கிக்கங்க, வேட்டையில கண்ணுக்கு வேல குடுக்கறது அதுதான். ஸ்கோப்ப பைனாகுலர் மாதிரி வச்சுக்கிட்டு "அங்க அசையுறது என்ன"ன்னு தேடவே கூடாது தம்பி, அங்க அசையுறது இன்னொரு மனுசனா இருந்தா நீங்க குழாய அவன் நெஞ்சுக்கு நேரா நீட்டிக்கிட்டு இருக்கீங்க. கொலராடோல ரைஃபிள் சீசன்ல ஆரஞ்சு இல்ல பிங்க் கலர்ல பளிச்சுனு 500 சதுர அங்குலம் துணி போட்டுத்தான் காட்டுக்குள்ள போகணும்னு சட்டமே இருக்கு, அதுக்கு காரணம் இல்லாம இல்ல.

கேள்வி: தம்பி, கானாடுகாத்தான்ல இருந்து எழுதுறேன். எங்க ஐயா ரங்கூன்ல இருந்து கொண்டாந்த தேக்குப் பெட்டியில ஒரு அடி நீளத்துக்கு இரும்புக் குழாய் ஒண்ணு இருக்கு, ரெண்டு பக்கமும் கண்ணாடி, மேல ஒரே ஒரு திருகு, 4ன்னு நம்பரும் ஜெர்மன் மாதிரி எழுத்தும். பேரன் டெலஸ்கோப்ங்கறான். பட்டாலையில மான் கொம்பு ரெண்டும் இருக்கு. இதெல்லாம் விக்கலாமா?

ஆச்சி, அது துப்பாக்கி ஸ்கோப்பாத்தான் இருக்கணும். உள்ள பாத்தீங்கன்னா கீழ இருந்து நடுவுக்கு கூரா ஒரு கம்பம் மாதிரியும் ரெண்டு பக்கத்துல இருந்து தடிச்ச கோடும் வருதான்னு பாருங்க, அது ஜெர்மன்காரங்களோட பழைய குறி. மேல ஒரு திருகு மட்டும் இருக்கறதும் அந்தக் காலத்து வேலதான், மேல கீழ திருத்துறதுக்கு அது, எடது வலது திருத்தத்த துப்பாக்கியில மாட்டுற க்ளாம்புலயே செஞ்சுக்குவாங்க. லென்ஸ்ல வெளக்கொளி பட்டா லேசா நீலமா ஊதாவா மினுங்குதான்னும் பாருங்க, ஒளி பட்டுத் திரும்பிப் போகாம இருக்க லென்ஸுக்கு பூசுற பூச்ச ஜெர்மனியோட ஸைஸ் (Zeiss) கம்பெனில 1935லதான் கண்டுபிடிச்சாங்க, மினுங்கலேன்னா பூச்சு இல்லாத பழைய கண்ணாடி. டென்வர் தம்பி இதயும் படிக்கணும், வெறும் 4 எக்ஸ வச்சுத்தான் ஒரு தலமொறையே பெரிய பெரிய மிருகத்த பாத்திருக்கு.

சேல முந்தானையால தொடச்சுறாதீங்க, தூசி கண்ணாடிய கீறிரும், மெல்லிசு ப்ரஷ்ல தட்டி விட்டா போதும், கழட்டவும் வேணாம். அதே பெட்டியில துப்பாக்கியோ தோட்டாவோ இருந்துச்சுன்னா மட்டும் யோசிக்காம போலீஸ் ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள டீலர்கிட்டயோ ஒப்படைச்சுருங்க, பழசுங்கறதுக்காக சட்டம் விடாது. மான் கொம்பு விக்கவே கூடாது ஆச்சி. 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி அதுக்கு உரிமைச் சான்றிதழ் இருக்கணும், 2003ல கூட கணக்கு காட்ட ஒரு வாய்ப்பு குடுத்தாங்க, அப்ப பெரியவங்க யாராவது எழுதிக் குடுத்தாகளான்னு பழைய காகிதத்த தேடுங்க. இல்லேன்னா வன அலுவலகத்துல போயி நேரா கேட்டுருங்க, யாவாரி யாராவது வீடு தேடி வந்தா கதவ சாத்திருங்க.

கேள்வி: கோட்டையூர், வயசு 61, கண்ணாடி போடுறவன். ஜோகன்னஸ்பர்க்ல இருக்குற சம்பந்தி காட்டெரும வேட்டைக்கு கூட்டிப் போறேன்னு சொல்றார். அவர் துப்பாக்கில 5-25 இருக்கு, அது போதுமா, அதவிட பெருசு வேணுமான்னு கேக்கச் சொன்னார்.

அண்ணே, அந்த ஸ்கோப்போட எருமகிட்ட போகாதீங்க, இத நான் கெஞ்சியே சொல்றேன். கேப் எரும பெரும்பாலும் புதருக்குள்ள 30ல இருந்து 80 மீட்டருக்குள்ளதான் சுடுவாங்க, அடி பட்டு சாகாதது திரும்பி ஆள் மேல வரும், அந்த நேரத்துல கொறஞ்சதே 5 எக்ஸ்னா கறுப்பு சொவரு ஒண்ணுதான் தெரியும். 1-4, 1-6, 1.5-5 இதுல ஏதாவது ஒண்ணு. 1 எக்ஸ்ல ரெண்டு கண்ணையும் தொறந்து வச்சே பாக்கலாம், பக்கத்துல ட்ராக்கர் எங்க நிக்கிறார்னும் தெரியும். 24 மி.மீ. லென்ஸ்தானேன்னு யோசிக்காதீங்க, 4 எக்ஸ்ல வச்சா ஒளிவட்டம் 6 மி.மீ. வருது, நம்ம வயசுல கண்ணு பாப்பா 5 மி.மீ. விரிஞ்சாலே பெருசு.

உங்களுக்கு அதவிட முக்கியம் ஐ ரிலீஃப், அதாவது கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இருக்குற எடவெளி. எருமைக்கு .375 எச் அண்ட் எச் துப்பாக்கிதான் ஆப்பிரிக்கால பல எடத்துல சட்டப்படி கொறஞ்ச அளவு, 1912லயே வந்த தோட்டா, ஒதை நல்லா ஒதைக்கும். எடவெளி கொறஞ்ச ஸ்கோப்னா அதோட விளிம்பு வந்து புருவத்துல பெற மாதிரி வெட்டிரும், நீங்க கண்ணாடி வேற போட்டிருக்கீங்க, அந்தக் கண்ணாடி கண்ணுக்குள்ள போனா என்ன ஆகும். 4 இஞ்ச், அதாவது 10 செ.மீ. பக்கம் எடவெளி இருக்கற ஸ்கோப்பா கேளுங்க, உங்க கண்ணாடிய போட்டுக்கிட்டே அங்க ரேஞ்சுல பத்து தடவையாவது சுட்டுப் பாருங்க, உக்காந்து இல்ல, நின்னு, மூணு கால் குச்சி மேல வச்சு. ஸ்கோப்ப சட்டுனு கழட்டுற மாதிரி க்விக் டிடாச் மவுண்ட் இருந்தா நல்லது, மழையில லென்ஸ் மங்குனாலோ அடிபட்டாலோ கழட்டிட்டு துப்பாக்கியோட இரும்புக் குறியிலயே பாத்துக்கலாம். துப்பாக்கி இங்க இருந்து கொண்டு போற வேல எல்லாம் வேணாம், அங்க வெளிநாட்டுக்காரங்களுக்கு எஸ்ஏபிஎஸ் 520ன்னு அந்த ஊரு போலீஸோட தனி ஃபாரமே இருக்கு, அலைச்சல், வேட்டை ஏற்பாடு செய்றவங்ககிட்டயே வாடகைக்கு எடுங்க, என்ன ஸ்கோப் மாட்டியிருக்குன்னு முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கங்க.

சம்பந்திகிட்டயும் சொல்லுங்க, 5-25 தப்பான பொருள் இல்ல, 800 மீட்டர்ல இரும்புத் தகட்ட சுடுறவங்களுக்கு அது, எருமைக்கு இல்ல.

கேள்வி: மகன் ரைஃபிள் கிளப்ல 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுறான். 3-9 ஸ்கோப் ஒண்ணு வாங்கித் தரலாம்னு இருக்கேன். காரைக்குடி.

வேணாம். அந்தப் போட்டியில ஸ்கோப்புக்கு அனுமதியே கெடையாது, சின்ன ஓட்ட வழியா பாக்குற பீப் சைட்தான். அபினவ் பிந்த்ரா 2008ல பெய்ஜிங்ல தங்கம் வாங்குனதும் அதே 10 மீட்டர்ல, பெருசாக்குற கண்ணாடி எதுவும் இல்லாமத்தான். அந்தக் காசுல அவனுக்கு நல்ல ஷூட்டிங் ஜாக்கெட் வாங்கிக் குடுங்க.

கேள்வி: சிங்கம்புணரி பக்கம் விவசாயம். கடலைய காட்டுப்பன்னி கிண்டுது, மிச்சத்த மயில் தின்னுது. ஏர் கன்னுக்கு எத்தன எக்ஸ் ஸ்கோப் மாட்டுனா ராத்திரில தெரியும்?

உங்க வயித்தெரிச்சல் எனக்கு புரியுது, எங்க அப்பச்சியும் பள்ளத்தூர்ல கடலை போட்டவர்தான், ஒரு ராத்திரில போன வெள்ளாமைய பாத்து அவர் வரப்புலயே உக்காந்தத பாத்திருக்கேன். ஆனா இதுக்கு நம்பர் சொல்ல மாட்டேன். மயில் தேசியப் பறவை, சட்டத்துல மொதல் அட்டவணையில இருக்கு, அதக் கொன்னா மூணுல இருந்து ஏழு வருசம் வரைக்கும் ஜெயில். சட்டத்த விடுங்க, ஏர் கன் குண்டு பன்னிய கொல்லாது, தோலுக்குள்ள போயி சீழ் வச்சு அது வாரக்கணக்குல நொந்து சாகும், வலியில திரும்புன பன்னி அடுத்த தோட்டத்துல வேல பாக்குற பொம்பளைய குத்தும். பன்னிய சுட்டுப் புடிக்கிற அனுமதியெல்லாம் வனத்துறை ஆளுகளுக்குத்தான், நமக்கு இல்ல. சேதாரத்த போட்டோ எடுத்து, விஏஓகிட்டயும் வனச்சரக அலுவலகத்துலயும் எழுத்துல மனு குடுத்து நட்டஈடு கேளுங்க, ஒத்த ஆளா போகாம கண்மாய்ப் பாசனக்காரங்க பத்துப் பேரா சேந்து போங்க, அப்பத்தான் காது குடுப்பாங்க.

கேள்வி: அங்கிள், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன், திருப்பத்தூர். வேட்டங்குடிக்கு பறவை பாக்க போக பைனாகுலர் கேட்டேன், அப்பச்சி ஆன்லைன்ல 30×60ன்னு போட்டிருக்கறத வாங்கித் தர்றேன்னு சொல்றாங்க. நல்லதா?

இந்த மாசம் வந்ததுல எனக்குப் பிடிச்ச கேள்வி இதான்மா. அப்பச்சிகிட்ட மேல இருக்கற பதிலையெல்லாம் படிக்கச் சொல்லு, கணக்கு ஒண்ணுதான். 30 மடங்கு கைல புடிச்சு பாக்கவே முடியாது, நாரை கூட்டுல நிக்கிறது நெலநடுக்கத்துல நிக்கிற மாதிரி தெரியும், அந்த வெலக்கி விக்கிறதுல அட்டையில போட்டிருக்குற நம்பரே பல நேரம் உண்மையா இருக்காது. 8×42 கேளு. 42ஐ 8ஆல வகுத்துப் பாரு, 5.25 வரும், காலங்காத்தால மேகமூட்டத்துல கூட பளிச்சுனு இருக்கும், பறக்கறத தொரத்திப் பாக்கவும் அகலம் பத்தும். 8×42 கழுத்துல கனமா இருந்தா 8×32 பாரு, பகல் வெளிச்சத்துக்கு அது தாராளம்.

வேட்டங்குடி 1977ல சரணாலயம் ஆனது, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டின்னு மூணு கண்மாய் சேந்தது. அந்த ஊர்க்காரங்க பறவைக்காக தீவாளிக்கே வெடி போடுறதில்ல, பிள்ளைகளும் மத்தாப்போட நிறுத்திக்குதுக, அவங்கள நேர்ல பாத்தா நான் கையெடுத்து கும்புடுவேன். மழ பேஞ்சு கண்மாய்ல தண்ணி நின்ன வருசம் மார்கழி, தை மாசத்துல போ, தண்ணி இல்லாத வருசம் பறவையும் வராது. நத்தைக்குத்தி நாரைய மொதல்ல பாரு, ரெண்டு அலகுக்கும் நடுவுல ஒரு எடவெளி இருக்கும், வெறுங்கண்ணுல தெரியாது, 8 மடங்குல தெரியும். வெள்ளனே ஆறரைக்கெல்லாம் போயிரு, சூரியன் உன் முதுகுக்குப் பின்னால இருக்குற மாதிரி கெழக்குக் கரையில நில்லு, வெளிர் கலர் சட்ட வேணாம், பைனாகுலர் வார கழுத்துல மாட்டிக்கிட்டுத்தான் கரை ஏறணும். என்னென்ன பறவை பாத்தேன்னு எழுதி அனுப்பு, அடுத்த இதழ்ல அதுக்கு எடம் வச்சிருக்கேன்.